ஓய்வுக்கு ஓர் அதிகாரி

சித்திரை பிறந்து கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டால், திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் அருகே கிடக்கும் எங்கள் திருவாலங்காட்டுப் பிரதேசத்தில் மனிதர் பலர் கூடிச் செய்யும் காரியங்கள் ஒவ்வொன்றாக உறங்கப் போகின்றன. வாசகசாலைக் கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது. வாரம் தவறாமல் நடந்த பஜனை, வித்துவான் ஊருக்குப் போய்விட்டார் என்ற காரணத்தால் நிற்கிறது. இளைஞர் சங்கத்தின் பூட்டில் தூசி படிகிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் திருத்தணி மலையை நோக்கிப் புறப்படும் வரையில் ஊரில் பொதுவாக நடப்பது என்று சொல்லத்தக்கது தண்ணீர்ப்பந்தல் ஒன்றுதான். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. வெயிலுக்கு ஒதுங்குவது உயிர்களின் சுபாவம். ஆனால் இப்படி ஒதுங்கிய சங்கங்களில் பல மழை வந்த பின்னும் எழுந்திருப்பதில்லை என்பதைத்தான் நாம் கவனிப்பதில்லை. வேலையை நிறுத்துவது எளிது, நிறுத்திய வேலையை மறுபடி தொடங்குவதற்கு யார் பொறுப்பு என்பதை எவரும் எழுதிவைத்திருப்பதில்லை.

இதை ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக எழுதிவைத்து அனுசரித்து வரும் ஸ்தாபனம் ஒன்று உண்டு. திருவாலங்காட்டில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், எழும்பூர் எதிராஜ் சாலை வழியாக நடப்பவர்கள், உயர்ந்த தூண்களோடு கம்பீரமாக நிற்கும் மாளிகை ஒன்றைப் பார்த்திருக்கலாம். 1923-ஆம் ஆண்டில் தொடங்கி 1925-இல் கட்டி முடித்த பிரீமேஸன் மாளிகை அது. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி ஊரில் உலவும் கதைகளுக்குக் கணக்கில்லை. மண்டையோடு வைத்துச் சத்தியம் வாங்குகிறார்கள் என்பதில் தொடங்கி, அரசாங்கங்களையே ஆட்டிவைக்கிறார்கள் என்பது வரையில் அவை நீளும். அவர்களுடைய இரகசியங்களை ஆராய்வது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. அவர்கள் ஓய்வெடுக்கும் முறையும், அந்த ஓய்வில் சிநேகத்தை வளர்க்கும் முறையுந்தான் நமக்கு இங்கே விஷயம்.

பிரீமேஸன் இயக்கம், கோட்டைகளும் தேவாலயங்களும் கட்டிய ஐரோப்பியக் கல்தச்சர்களின் தொழிற்சங்க மரபைத் தன் மூலமாகக் கொண்டாடுகிறது. கல் செதுக்கும் தொழிலோடு சம்பந்தமில்லாத பிரபுக்களும் பண்டிதர்களும் வர்த்தகர்களும் காலப்போக்கில் அதில் சேர்ந்தார்கள். கல்தச்சனுடைய கருவிகள் அப்போது ஒழுக்கத்தைப் போதிக்கும் சின்னங்களாயின. நம் கொத்தனார்கள் நாள்தோறும் கையாளும் மூலமட்டமும் ரசமட்டமும் தூக்குக்குண்டுமே அங்கே மூன்று பிரதான அதிகாரிகளின் மார்பில் பதக்கங்களாகத் தொங்குகின்றன. நடத்தை நேராக இருக்க வேண்டும் என்பதற்கு மூலமட்டம். மனிதர் அனைவரும் சமம் என்பதற்கு ரசமட்டம். நிமிர்ந்து வாழ வேண்டும் என்பதற்குத் தூக்குக்குண்டு. புதிதாகச் சேர்பவருக்கு ஆட்டுக்குட்டித் தோலில் தைத்த வெள்ளை முன்றானை ஒன்றை இடுப்பில் கட்டுகிறார்கள். பயிற்சியாளர், தொழிலாளர், ஆசான் என்ற மூன்று படிகளை அவர் ஏற வேண்டும். கடவுள் ஒருவர் உண்டு என்று நம்புவது நிபந்தனை; அந்தக் கடவுளை எந்தப் பெயரால் வணங்குகிறார் என்று கேட்பதில்லை.

இலண்டன் நகரத்துச் சபைகள் நான்கு ஒன்று சேர்ந்து முதல் தலைமைச் சபையை நிறுவிய நாள் என்று அவர்கள் கொண்டாடுவது 1717-ஆம் ஆண்டு ஜூன் 24. ஸ்நானக அருளப்பரின் திருநாளாகிய அது, இங்கிலாந்தில் கோடையின் நடுநாள். பகல் மிக நீண்டிருக்கும் பருவம். சேர்ந்த இடமோ, புனித பவுல் தேவாலயத்துக்கு அருகே இருந்த ஒரு மதுச்சாலை. ஆகவே இந்த இயக்கம் பிறந்ததே கோடை விருந்து ஒன்றில்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

சபை கூடும் மண்டபத்தின் அமைப்பைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம் போட்ட தரை. கிழக்கே தலைவர், மேற்கே மூத்த காப்பாளர், தெற்கே இளைய காப்பாளர். சூரியன் உதிப்பது போலத் தலைவர் கிழக்கிலிருந்து சபையைத் திறக்கிறார். அஸ்தமனத்தைக் கவனிப்பவர் போல மூத்த காப்பாளர் மேற்கிலிருந்து அதை மூடுகிறார். தெற்கே இருப்பவருக்கு உரியது உச்சிவேளை. நடுப்பகல் வந்ததும் சகோதரர்களை வேலையிலிருந்து இளைப்பாறுதலுக்கு அழைத்துச் செல்வதும், இளைப்பாறியது போதும் என்றானபோது மீண்டும் வேலைக்கு அழைத்துவருவதும் அவருடைய கடமைகள். இரண்டு காப்பாளர்களின் மேடைகளிலும் ஒரு சாண் உயரத்தில் சிறு தூண் ஒன்று வைத்திருக்கும். சபை வேலையில் இருக்கும்போது மூத்த காப்பாளரின் தூண் நிமிர்ந்து நிற்க, இளையவரின் தூண் படுத்துக் கிடக்கும். இளைப்பாறுதல் என்று அறிவித்த கணத்தில் மூத்தவர் தம் தூணைச் சாய்க்க, இளையவர் தம்முடையதை நிமிர்த்துகிறார். இப்போது அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை, வாய் திறந்து எவரும் சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வை ஒழுங்கின் முடிவாகக் கருதாமல், ஒழுங்கின் இன்னொரு பாகமாகவே அவர்கள் கருதியதற்கு இந்தத் தூண்களே போதிய சாட்சி. 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற பாதிரியார் தொகுத்து வெளியிட்ட அவர்களுடைய விதிநூலில், கூட்டம் முடிந்தும் கலையாதிருக்கும் சகோதரர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. களங்கமற்ற சந்தோஷத்தோடு உண்டு மகிழலாம். ஆனால் எவரையும் அவருடைய விருப்பத்துக்கு மேல் உண்ணவோ குடிக்கவோ வற்புறுத்தலாகாது. வேலை நிமித்தம் புறப்படுபவரைத் தடுத்து நிறுத்தலாகாது. சொந்தப் பகையையும் பூசலையும் வாசற்படிக்கு உள்ளே கொண்டுவரலாகாது. மதத்தைப் பற்றியும் ராஜாங்க விவகாரங்களைப் பற்றியும் வாதிடலாகாது. இலையில் கை மறைக்க மறைக்க இன்னும் ஒரு கரண்டி சாதம் போடுவதையே உபசாரத்தின் லட்சணமாகக் கொண்ட நமக்கு, முதல் இரண்டு விதிகள் விசித்திரமாகத் தோன்றலாம். பின் இரண்டு விதிகளின் அவசியத்தைக் கல்யாணப் பந்தியில் ஒரு முறை உட்கார்ந்து எழுந்தவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விருந்து மேஜையிலும் சம்பிரதாயத்துக்குக் குறைவில்லை. அடிப்பாகம் தடித்த கண்ணாடிக் கோப்பைகளை எல்லோரும் ஒரே சமயத்தில் மேஜைமேல் தட்டுவார்கள்; அந்த ஓசை வேட்டுச் சத்தம் போலக் கேட்கும். ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு வரிசை உண்டு. கடைசி வாழ்த்து, உலகத்தில் எங்கெங்கோ வறுமையிலும் துன்பத்திலும் உழலும் சகோதரர்களுக்காக. அதைச் சொல்லும் உரிமை தலைவருக்கு இல்லை, கூட்டம் நடக்கும்போது வாளேந்திக் கதவுக்கு வெளியே நிற்கும் காவலருக்கே உரியது. வயிறு நிறைந்த வேளையில் பசித்தவனை நினைப்பூட்டும் இந்த ஏற்பாடு, எந்த நாட்டு அறநூலுக்கும் ஒத்த ஏற்பாடு.

இந்த ஒரு நாள் ஒழுங்கையே ஓர் ஆண்டின் அளவுக்கு விரித்தால் அவர்களுடைய கோடைகாலம் கிடைக்கிறது. இங்கிலாந்துச் சபைகளில் பெரும்பாலானவை கோடை மாதங்களில் சடங்குகளை நிறுத்திவைக்கின்றன; அமெரிக்காவிலும் பல சபைகள் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மண்டபத்தை மூடிவிடுகின்றன. மூடுவது மண்டபத்தைத்தானே தவிர உறவை அன்று. ஆண்களுக்கு மட்டுமே உரிய அந்த மண்டபத்துக்குள் நுழைய முடியாத மனைவி மக்கள், கோடையில் திறந்தவெளி விருந்துகளுக்கும் வனபோஜனங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் வந்து, குடும்பம் குடும்பமாக அறிமுகமாகிறார்கள். காலஞ்சென்ற சகோதரர்களின் விதவைகளை விசாரித்துவருவதும், பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் திரட்டுவதும் இந்தச் சிநேகத்தின் மறுபக்கம். சென்னை ராஜதானியில் கோடைக்கு வேறொரு வழக்கமும் இருந்தது. 1870-ஐ ஒட்டிய காலம் முதற்கொண்டு கவர்னரும் காரியாலயங்களும் வெயிலுக்குத் தப்பி உதகமண்டலம் ஏறியபோது, மேஸன்களும் உடன் ஏறினார்கள். விசுவாசம், நம்பிக்கை, தர்மம் என்ற மூன்றின் பெயரையும் சூட்டிக்கொண்ட சபையொன்று அந்த மலையில் அமைந்திருந்தது. அந்நியர் ஆட்சி போய், கோடைத் தலைநகரும் போன பின், அவர்களுடைய தர்ம கைங்கரியம் சமவெளியில் தொடர்கிறது. கோயம்புத்தூரில் மேஸன்களின் பெயரால் நடக்கும் குழந்தைகள் மருத்துவமனையை அந்த ஊர்த் தாய்மார்கள் அறிவார்கள்.

தமிழ்நாட்டுக்கு இந்த இயக்கம் புதிதன்று. சென்னையின் முதல் சபை 1752-இல் ஏற்பட்டது. ஆற்காட்டு நவாப் வாலாஜா முகமது அலியின் மூத்த மகனும், பின்னாளில் தாமே நவாபானவருமாகிய உம்தத்-உல்-உமரா, 1775-ஐ ஒட்டித் திருச்சிராப்பள்ளியில் தீட்சை பெற்றார். இந்தியரில் முதல் மேஸன் அவரே என்பர். இலண்டன் தலைமைச் சபை மகிழ்ந்து, அவருக்கு அலங்கார முன்றானை ஒன்றையும் அழகாகக் கட்டடம் செய்த விதிநூலையும் அனுப்பிவைத்தது. 1786-இல் தோன்றிய ‘பூரண ஒற்றுமை’ என்ற பொருளுள்ள பெயர் கொண்ட சென்னைச் சபை, 1839-இல் கடற்கரையில் தனக்கென ஒரு மாளிகை கட்டிக்கொண்டது. 1865-இல் போலீசார் அதில் குடியேறினர். மெரினாவுக்கு எதிரே இன்று மாநிலக் காவல்துறையின் தலைமை அலுவலகமாக விளங்கும் வெள்ளை மாளிகை அதுதான்.

ஆயினும் ரசமட்டத்தைச் சமத்துவத்தின் சின்னமாக அணிந்தவர்களே இந்துக்களைச் சேர்த்துக்கொள்ள நெடுங்காலம் தயங்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பல தெய்வங்களை வழிபடுவோர் ஏக தெய்வ நிபந்தனைக்கு உட்படுவார்களா என்பது அவர்கள் கூறிய ஆட்சேபம். கல்கத்தாவில் பிரசன்னகுமார் தத்தர் என்பவர் பல ஆண்டுகள் வாதாடி 1872-இல் அங்கத்தினராகிய பிறகே அந்தக் கதவு திறந்தது. பின்னால் விவேகானந்தரான நரேந்திரநாத் தத்தர் 1884-இல் கல்கத்தாச் சபையொன்றில் சேர்ந்தார். இந்தியச் சபைகளின் மேடையில் கீதையும் குர்ஆனும் விவிலியமும் கிரந்த சாகிபும் பார்சிகளின் வேதமும் அருகருகே இடம்பெற்றன. அவரவர் தத்தம் நூலைத் தொட்டுப் பிரமாணம் செய்தார்கள். 1961-ஆம் ஆண்டு நவம்பர் 24-இல் இந்தியாவுக்கென்று தனித் தலைமைச் சபை ஏற்பட்டபோது, ராம்பூர் நவாப் அதன் முதல் தலைவரானார்.

சடங்கில் சேர்ந்து நிற்பது கைகூடிற்று. சேர்ந்து உண்பதுதான் கடினமாயிருந்தது. லாகூர்ச் சபையில் 1886-இல் சேர்ந்த ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங், தம் தாய்ச்சபையைப் பற்றிப் பாடிய கவிதையில், ஒரு சகோதரனுடைய ஜாதி ஆசாரம் கெட்டுவிடலாகாதே என்று அங்கே விருந்துகள் வைக்காமல் இருந்ததையும் குறிப்பிடுகிறார். உயிர் போனாலும் வெளியிடேன் என்று ஒன்றாய்ச் சத்தியம் செய்யக்கூடியவர்கள் ஒன்றாய் ஒரு கவளம் உண்ணக் கூடாதிருந்த நாடு இது. இலண்டனில் வெறும் உல்லாசமாக இருந்த பந்தி, இந்த மண்ணில் சடங்கைக் காட்டிலும் பெரிய பரீட்சையாகிவிட்டது. இன்று எழும்பூர் மாளிகையில் எல்லா மதத்தினரும் ஒரே மேஜையில் உட்காருவதை எவரும் அதிசயமாகச் சொல்வதில்லை. சொல்லாத அளவுக்கு அது சகஜமாகியிருப்பதே அந்தப் பரீட்சையில் கிடைத்த தேர்ச்சி. அதற்கு மேஸன்கள் மட்டும் காரணமல்லர். ரயில் வண்டியும் பள்ளிக்கூடமும் காப்பிக் கடையும் அவர்களைவிட அதிகமாகவே உழைத்திருக்கின்றன.

இந்த இயக்கத்தில் குறைகள் இல்லாமற்போகவில்லை. 1738-இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் கிளமெண்டு விதித்த தடை முதலாக, அதன் மறைவான நடைமுறைகளைக் கண்டித்தவர்கள் பலர். பெண்களை விலக்கும் விதியை ஏற்காமல், இருபாலாரும் சேரத்தக்க வேறொரு மேஸன் சங்கத்தை இந்தியாவில் பரப்பியவர் அன்னி பெசன்ட் அம்மையார். கோடை விருந்துக்கு மட்டும் அழைக்கப்படும் மனைவி, சகோதரத்துவம் என்ற சொல்லைக் கேட்டு உள்ளுக்குள் நகைத்தால் அவரைக் குற்றஞ்சொல்ல முடியாது. மேலும், சந்தா கட்ட வசதியுள்ளவர்களுக்குள் நிலவும் சமத்துவம், ஊர் முழுவதற்கும் உரிய சமத்துவமாகிவிடாது. வெயிலில் வந்தவன் யார் என்று கேட்காமல் மோர் வார்க்கும் எங்கள் தண்ணீர்ப்பந்தல் இந்த ஒன்றில் அவர்களைவிட உயர்ந்து நிற்கிறது.

ஆனால் பந்தல் வைக்கும் ஊரார், பந்தல் பிரித்த பின் ஒருவரையொருவர் எப்போது சந்திப்பது என்று தீர்மானிப்பதில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பதவிகளுக்குப் போட்டியிட்டுச் சண்டையிடும் நம் சங்கங்கள், சங்கம் கூடாத மாதங்களில் அங்கத்தினர்களை விசாரித்து, கூட்டிவைத்து உண்ணச் செய்து, குறித்த நாளில் திரும்ப அழைத்துவருவதற்கென்று நாலாவதாக ஒருவரை நியமித்துப் பார்க்கலாம். அவருக்கு வாளும் வேண்டாம், முன்றானையும் வேண்டாம். அங்கத்தினர்களின் முகவரிகள் எழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றும், ஆடி பிறந்ததும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் தைரியமும் இருந்தால் போதும்.