தகவல் திரட்டுதல் எப்போது முடிவடைகிறது?

டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ச்சி செய்யும் மாணவர் ஒவ்வொருவரும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய வினா, "திரட்டிய தகவல் போதுமா?" என்பதாகும். காலத்திற்கு முன்பே நிறுத்தினால் முடிவுகள் வலுவிழக்கும். நிறுத்தாமலே சென்றால் ஆய்வுரை எழுதப்படாமலே போகும்.

மும்பையிலுள்ள தாராவியை உதாரணமாகக் கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழரும், குஜராத்திலிருந்து சென்ற குயவரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து தொழில் புரியும் பகுதி அது. அங்கே குடும்ப வருவாயை ஆராயும் மாணவர் ஒருவர் 300 வீடுகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார் என வைத்துக்கொள்வோம். 260 வீடுகளில் விடை கிடைத்தது. 40 வீடுகள் பூட்டியிருந்தன. அடுத்துள்ள வேறு 40 வீடுகளில் விசாரித்து எண்ணிக்கையை நிரப்பிவிட்டால் வேலை முடிந்துவிடுமா? முடியாது. பூட்டிய வீட்டில் கணவனும் மனைவியும் பகல் முழுவதும் வேலைக்குச் செல்பவராக இருக்கலாம். அவர்களுடைய வருவாய் ஏனையோரின் வருவாயினின்றும் வேறுபடலாம். அவர்களை விடுத்துப் பகலில் வீட்டிலிருப்போரைச் சேர்த்தால் எண்ணிக்கை நிறையும், உண்மை குறையும். ஆகையால் மாலை வேளையிலும் விடுமுறை நாளிலும் மீண்டும் செல்லுதல் வேண்டும். அப்பொழுதும் காண இயலாதவர் எத்தனை பேர் என்பதை ஆய்வுரையிலேயே கூறிவிட வேண்டும்.

மக்களுடன் உரையாடிச் செய்யும் ஆராய்ச்சிக்கு அளவுகோல் வேறு. பலதரப்பட்டவர்களையும் கண்டு பேசிய பின்னர், புதிதாகச் சந்திப்பவரும் முன்னர்க் கேட்ட செய்திகளையே கூறுவாராயின், நிறுத்தும் காலம் நெருங்கிவிட்டது எனலாம். ஒரே வகையினரிடம் மட்டும் பேசிவிட்டு இம்முடிவுக்கு வருதல் தவறாகும்.

திரட்டுதல் முடிந்த பின்னரும் தகவலின் பயன் முடிந்துவிடுவதில்லை. இதற்குப் பம்பாய்ச் சர்வகலாசாலையின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1919-இல் தொடங்கப்பெற்ற அதன் சமூகவியல் துறையில், பேராசிரியர் குர்யேயின் மேற்பார்வையில் ஆராய்ச்சி செய்தவர் எம். என். ஸ்ரீநிவாஸ். குடகு மக்களைப் பற்றி எழுதிய ஆய்வுரைக்காக 1944-இல் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் ஆக்ஸ்போர்டு சென்று, ராட்கிளிஃப்-பிரவுன் என்னும் மானிடவியல் அறிஞரின் வழிகாட்டுதலில், பெரும்பாலும் அதே செய்திகளைப் புதிய கண்ணோட்டத்தில் ஆராயலானார். சடங்குகள் யாவை என்பதோடு நில்லாமல், அவை சமூகத்தை எவ்வாறு பிணைக்கின்றன என வினவினார். இதன் பயனாக 1952-இல் வெளிவந்த நூல், சமஸ்கிருதமயமாதல் என்னும் கருத்தை உலக அறிஞர்களிடையே பரப்பியது.

ஆகவே, குறிப்பேட்டில் நாளும் இடமும் தவறாது எழுதுதல் வேண்டும். கண்டதும் கேட்டதும் வேறாகவும், அவற்றினின்றும் நாம் ஊகிப்பது வேறாகவும் இருத்தல் வேண்டும். அப்போதுதான் அன்று தோன்றாத வினாவுக்கும் அக்குறிப்பு பின்னாளில் விடை தரும்.

பாதுகாப்பும் இப்பணியின் பகுதியே. ஸ்ரீநிவாஸ் 1948-இல் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கித் திரட்டிய செய்திகளை வகைப்படுத்தி வைத்திருந்தார். 1970-இல் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டில், அவர் பணியாற்றிய ஆராய்ச்சி நிலையத்தில் மூண்ட தீயில் அவற்றின் மூன்று படிகளும் அழிந்தன. பின்னர்ப் பெரிதும் நினைவைக் கொண்டே எழுதி, 1976-இல் அந்நூலை வெளியிட்டார். அத்தகைய நினைவாற்றல் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. படிகள் பல இருந்தாலும் அவை ஒரே கூரையின்கீழ் இருப்பின் ஒரு படிக்கே ஒப்பாகும்.

விடுபட்டவர் கணக்குக் கூறப்பட்டு, குறிப்புகள் பிறர் படித்தறியும் வண்ணம் செப்பமுற்று, படியொன்று வேறிடத்தில் சேர்க்கப்பட்ட நாளே தகவல் திரட்டுதல் முடிவடைந்த நாளாகும்.