தோட்டத்தில் நாய்க்கென்று ஒரு மூலை

கண்டரமாணிக்கம் போன்ற நகரத்தார் ஊர்களில் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில்தான் முடியும். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, அதற்கும் பின்னால் கிணறும் தோட்டமும் என்று நீளும் அந்த வீட்டில் ஒவ்வொரு காரியத்துக்கும் ஓர் இடம் உண்டு. வந்தவர் உட்கார ஓர் இடம், வற்றல் காய ஓர் இடம், பாத்திரம் துலக்க ஓர் இடம், கூரைத் தண்ணீர் விழுந்து ஓட ஓர் இடம். பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் நாய் எங்கே ‘வெளிக்கு’ப் போகும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டிய தேவையும் அப்போது இல்லை. அந்தக் காலத்து நாய் பாதி வீட்டுக்கு, பாதி ஊருக்கு. சோறு கொல்லை வாசலில் கிடைக்கும், மற்றதெல்லாம் கண்மாய்க்கரையிலும் பொட்டலிலும் முடிந்துவிடும். இன்று பொட்டல்கள் மனைகளாகிவிட்டன, வீட்டுக்குச் சுற்றுச்சுவரும் இரும்புக் கேட்டும் வந்துவிட்டன. சிப்பிப்பாறையோ லாப்ரடாரோ, நாயின் உலகம் தோட்டத்தோடு முடிந்துபோகிறது. கறிவேப்பிலையும் கீரைப்பாத்தியும் அதே தோட்டத்தில்தான். விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகள் செருப்பில்லாமல் ஓடுவதும் அங்கேதான்.

இந்த நெருக்கடியில் எல்லா வீட்டிலும் கேட்கும் புகார் ஒன்றே: நாய்க்குப் பழக்கம் சரியில்லை. பழக்கத்தைப் பேசுவதற்கு முன்னால் இடத்தைப் பேச வேண்டும் என்பதே இங்கே சொல்ல வருவது. தோட்டத்தில் ஒரு மூலையைத் தேர்ந்து, அது நாய்க்குரியது என்று வீட்டு மனிதர்கள் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. ஒதுக்காவிட்டால் நாய் தானே ஓர் இடத்தை ஒதுக்கிக்கொள்ளும். அது துளசி மாடத்தின் அடியாகவும் இருக்கலாம்.

இதற்குக் காரணம் நாயின் பிறவிக் குணத்திலேயே இருக்கிறது. படுக்கும் இடத்தை அசுத்தம் செய்வது நாய்க்குப் பிடிக்காது. ஏறக்குறைய மூன்று வார வயதிலேயே குட்டி தாயின் படுக்கையை விட்டுத் தள்ளிப்போய் வெளிக்கிருக்கத் தொடங்கிவிடும். அடுத்த சில வாரங்களில் காலுக்குக் கீழே எது இருந்ததோ, மண்ணோ புல்லோ சிமெண்டோ, அதையே ‘இதுதான் இடம்’ என்று மனதில் பதித்துக்கொள்ளும். சிமெண்டுத் தரையில் அடைத்து வளர்த்த குட்டியை வாங்கி வந்து, அது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் இருந்துவைக்கிறது என்று திட்டுவதில் நியாயமில்லை. அது தனக்குத் தெரிந்த தரையைத் தேடிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அடுத்தது மோப்பம். மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம். நாய்க்கு இருபது, முப்பது கோடி. நாம் துடைத்துவிட்டோம் என்று நினைக்கும் இடம் அதற்கு இன்னும் பெயர்ப்பலகை மாட்டிய கழிப்பறைதான். ஃபினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவமோ சிறுநீர் வாசனையை ஒத்திருப்பதால் நாயை மறுபடி அதே இடத்துக்குக் கூப்பிடும். ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றுவது இன்னும் மோசம். அது சிமெண்டுக் கல், ஆசிட் பட்டால் அரித்துவிடும். கடையில் கிடைக்கும் என்சைம் திரவம் சிறுநீரையே சிதைப்பதால் வேலை செய்யும்.

நாயைச் சங்கிலியில் கட்டி வளர்க்கும் வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறடிச் சங்கிலிக்குள்ளேயே உண்டும் உறங்கியும் இருந்துமாக நாள் முழுக்கக் கிடக்கும் நாய், தன் இடத்தை அசுத்தம் செய்யக் கூடாது என்ற பிறவிக் கூச்சத்தை மெல்ல இழந்துவிடுகிறது. பிறகு அதை அவிழ்த்துவிட்டால் எங்கும் இருக்கும். பழக்கம் கெட்ட நாய்களில் பலவற்றை நாம்தான் கெடுத்திருக்கிறோம்.

‘தோட்டம்தானே, எங்கே இருந்தால் என்ன, மண் தின்றுவிடும்’ என்பார்கள். மலத்தை மண் தின்பது உண்மைதான். அதிலிருக்கும் புழு முட்டையை அது தின்பதில்லை. நாயின் குடலில் வாழும் டாக்ஸோகாரா என்ற உருண்டைப்புழுவில் ஒரு பெண் புழு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை வரை இடும். இந்த முட்டைகள் வெளியே வந்த அன்றைக்கு யாருக்கும் தொற்றாது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்து, உள்ளே புழுக்குஞ்சு வளர்ந்த பிறகே தொற்றும் தன்மை வருகிறது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். மண் அளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் போனால் ஈரல், நுரையீரல் என்று அலையும், சில சமயம் கண்ணுக்கும் போய்விடும். கொக்கிப்புழு இன்னும் அவசரக்காரி. ஈரமும் நிழலும் இருந்தால் ஓரிரு நாளில் முட்டை பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் வெறுங்காலின் தோலைத் துளைத்துப் புகத் தயாராகிவிடும். புகுந்த இடத்தில் சிவந்த கோடு ஒன்று அரிப்போடு நெளிந்து நெளிந்து நகரும். ஆக, மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகி நடக்கிறோமே, அந்தப் புதிய மலத்தில் இந்த இரண்டு புழுக்களாலும் ஆபத்து குறைவு. மழையில் கரைந்து, இருந்த சுவடே தெரியாமல் போன பிறகு அதே இடத்தில் பிள்ளைகள் மண்வீடு கட்டும்போதுதான் ஆபத்து. அன்றாடம் அள்ளிவிட்டால் முட்டைக்கு முதிர நாள் கிடைக்காது. எல்லாப் புழுவும் இப்படிக் காத்திருப்பதில்லை. பச்சைக் குடல், ஈரல் தின்ற நாயிடமிருந்து வரும் ஒருவகை நாடாப்புழுவின் முட்டை உடனே தொற்றக்கூடியது. அதனால் அள்ளும்போது கையுறை வேண்டும், கறிக்கடைக் கழிவை நாய்க்குப் பச்சையாகப் போடுவதும் கூடாது.

மூலையை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் இதே புழுக்கள்தான் விடை சொல்கின்றன. அவற்றுக்கு ஆகாதவை வெயிலும் வறட்சியும். கண்டரமாணிக்கத்து வீட்டுத் தோட்டத்தில் நாய் தானாகத் தேடிப் போகும் இடம் வாழையடி; அங்கேதான் குளிர்ச்சி. கழுவு தண்ணீர் பாய்ந்து நிழலும் ஈரமுமாக இருக்கும் அந்த இடமே கொக்கிப்புழுவுக்கும் சொர்க்கம். ஆகவே மூலை வாழையடியில் இருக்கக் கூடாது. நாளில் பாதியாவது வெயில் விழும், சற்று மேடான, தண்ணீர் தேங்காத இடமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எலிக்காய்ச்சல் கிருமியும் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும்தான் பிழைத்திருக்கும். எலியின் சிறுநீரைப் போலவே தடுப்பூசி போடாத நாயின் சிறுநீரும் அதைப் பரப்பும். கிணற்றுக்கும் கழிவுக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் வேண்டும் என்பது பொதுச் சுகாதாரத்தில் பழைய விதி. அதை இங்கேயும் பிடித்துக்கொள்ளலாம். மூலைக்கு ஆறடிக்கு நாலடி போதும். சுற்றிலும் பழைய நாட்டு ஓட்டை வரப்பாக நட்டு, உள்ளே அரையடிக்கு மணலோ சரளையோ கொட்டினால் நாயின் பாதத்துக்கும் ஒரு அடையாளம் கிடைக்கும். ஆண் நாயாக இருந்தால் நடுவில் முழ உயரக் கல் ஒன்று நட்டுவிடுங்கள். அது காலைத் தூக்க ஒரு தூண் தேடும்; கல் இல்லையென்றால் கறிவேப்பிலை மரம்தான் அந்தத் தூண். திசையைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு ஒரு செய்தி: 2013இல் செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து, பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரங்களில் நாய்கள் வடக்கு தெற்காக நின்று வெளிக்கிருப்பதையே விரும்புகின்றன என்று எழுதினார்கள். மறு ஆண்டு சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. வாஸ்து பார்க்கும் வேலையை நாயிடமே விட்டுவிடலாம்.

புல்தரை வைத்திருப்பவர்களின் கவலை வேறு. பெட்டை நாய் உட்கார்ந்து பெய்த இடம் வட்டமாகக் கருகி, ஓரத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். ஒரே இடத்தில் யூரியாவைக் கொட்டினால் பயிர் கருகுவதும் தூவினால் தழைப்பதும் போலத்தான் இது. சிறுநீரில் இருப்பதும் நைட்ரஜன்தான். நாய்க்குத் தக்காளிச் சாறும் சோடா உப்பும் கொடுத்தால் சரியாகும் என்பது வெளிநாட்டிலிருந்து வந்த பாட்டி வைத்தியம். ஆலார்ட் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1981இல் வெளியிட்ட சோதனையில், சிறுநீரின் அமிலத் தன்மையை மாற்றுவதால் பயனில்லை என்று தெரிந்தது. (அவர் பின்னாளில் செனட்டர் ஆனார், இந்த ஆய்வை எந்தத் தேர்தலில் பயன்படுத்தினாரோ.) எளிதில் கருகும் புல்களில் ஒன்றாக அவர் கண்டது நம் அருகம்புல்லை. நாய் எழுந்ததும் அந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவதுதான் மருந்து. மூலை பழகிவிட்டால் அதுவும் வேண்டாம்.

இடம் முடிவான பிறகு பழக்கம் நேரக் கணக்கில் வந்து நிற்கிறது. வயிற்றில் சோறு விழுந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்கும். பெரும்பாலான நாய்கள் சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள் இருக்கப் போகும். தட்டில் நாள் முழுக்கச் சோறு கிடந்தால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். இரண்டு வேளை, நேரத்துக்கு வைத்து, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். குட்டியால் அடக்க முடிவது ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்பார்கள். மூன்று மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்பும் கயிற்றில் பிடித்து மூலைக்குக் கூட்டிப் போக வேண்டும். அங்கே போய் விளையாட்டுக் காட்டாமல் சும்மா நிற்க வேண்டும். குட்டி வட்டமடித்து, முகர்ந்து, முதுகை வளைத்து உட்காரும். முடித்த அந்த நொடியிலேயே தட்டிக்கொடுத்து ஒரு துண்டு பிஸ்கட். வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால் அது வீட்டுக்குள் வந்ததற்கான பரிசாகிவிடும். முதல் சில நாள் மூலையில் ஒரு துளி மலத்தை விட்டுவைப்பது நல்லது, அதுதான் பெயர்ப்பலகை.

தப்பான இடத்தில் இருந்ததற்காக மூக்கை அதிலே தேய்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ‘அதுக்குத் தெரியும், பாருங்க முழிக்கிற முழிய’ என்பதுதான் அதற்கான சாட்சி. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதையே சோதித்தார். தப்புச் செய்த நாயும் செய்யாத நாயும், எஜமானர் திட்டினால் ஒரே மாதிரி திருதிருவென்று விழித்தன. அந்த முழி நம் கோபத்துக்குப் பதில், குற்ற உணர்ச்சி இல்லை. அடி வாங்கிய நாய் கற்றுக்கொள்வது, மனிதர் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதை. பிறகு அது அலமாரிக்குப் பின்னால் போகும். வாசலில் நீலத் தண்ணீர் பாட்டில் தொங்கவிடுவதும் பயன்படாது. நாய்க்கு நன்றாகத் தெரியும் நிறங்களில் நீலம் ஒன்று, அதைப் பார்த்து அது பயப்படக் காரணமே இல்லை. செடியடியில் அந்துருண்டை போடுவது மட்டும் வீண் வேலையோடு நிற்காது, தின்றுவிட்டால் நாய்க்கு விஷம்.

இனி வலுவான ஆட்சேபம். ‘சாணம் உரமாகிறது, இது ஏன் ஆகாது?’ மாடு தின்பது புல்லும் வைக்கோலும். நாயின் தீனி நம் தீனி, அதன் புழுக்களில் பல நமக்கும் வரக்கூடியவை. அலாஸ்காவின் ஃபேர்பாங்க்ஸில் பனிச்சறுக்கு வண்டி இழுக்கும் நாய்களின் மலத்தை மரத்தூளோடு கலந்து மக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே பெரிய குவியல், வெப்பமானி, அடிக்கடி புரட்டல் என்று கணக்காகச் செய்தார்கள்; அந்த உரத்தையும் உண்ணும் பயிருக்குப் போட வேண்டாம் என்பதே அறிவுரை. ஒற்றை நாய் வீட்டுக் குப்பைக்குழியில் புழு முட்டை சாகும் அளவுக்குச் சூடு வராது. நடுத்தர நாய் ஒன்று நாளுக்குச் சுமார் 340 கிராம் போடும் என்பது அமெரிக்கக் கணக்கு. ஆண்டுக்கு 124 கிலோ. இதற்கு ஒரு தனிக் குழி, மேலே மூடி, அள்ளிப் போடும்போதெல்லாம் ஒரு கை சாம்பலோ மண்ணோ. நிரம்பினால் மூடிவிட்டு, மேலே ஒரு பூச்செடி வைக்கலாம், முருங்கை கூடாது. தெருவுக்கு அழைத்துப் போய்விட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பவர்களுக்கு ஒரே பதில்: மழை பெய்தால் தெருத் தண்ணீர் ஊருணிக்குத்தான் போகும்.

சுவாமி விளக்கு ஏற்றும் வீட்டுத் தோட்டத்தில் நாய்க்குக் கழிப்பிடமா என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றான வைரவன்பட்டி இதே வட்டாரத்தில் இருக்கிறது. நாயை வாகனமாகக் கொண்ட பைரவருக்குப் பேர்போன கோயில் அது. நாய் வீட்டுக்கு ஆகாது என்று யாரும் அங்கே சொன்னதில்லை. மூலை ஒதுக்குவதால் தோட்டத்தின் மற்ற இடமெல்லாம் சுத்தமாகிறது என்று அப்பத்தாவிடம் எடுத்துச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். இதோடு புழு மருந்தும் சேர வேண்டும். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றுவதால், இரண்டு வார வயதிலேயே மருந்து தொடங்குவார்கள். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். அளவைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்வார்.

வருடத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் நாயைப் பார்ப்பது காவலுக்கு இருப்பவர். பொங்கலுக்கு வந்திறங்கும் குடும்பம் ஒரு பக்கம் கூட்டிப் போக, அவர் பழக்கியது இன்னொரு பக்கம் என்றால் நாய் குழம்பத்தான் செய்யும். ஒரு சுரண்டி, மூடி போட்ட வாளி, நாலு கூடை மணல்: செலவு இவ்வளவுதான். முதல் மூன்று வாரம் நாயோடு அந்த மூலைக்குப் போக ஓர் ஆள் வேண்டும். அது யார் என்பதை நாயைத் திட்டுவதற்கு முன்னால் வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.