நடக்கச் சொல்கிறார்கள், எங்கே நடப்பது?

சங்ககிரிக்குப் பக்கத்துக் காலனி ஒன்றுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் வந்திருந்த அன்று நாங்களும் அங்கே இருந்தோம். ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை, கூடவே இரத்தக் கொதிப்பு. மாத்திரையைக் கொடுத்த அந்தப் பெண், "எடை கூடிக்கிட்டே போகுதுங்கம்மா, தினமும் அரை மணி நேரம் நடங்க" என்றார். "எங்க கண்ணு நடக்கறது?" என்று அந்த அம்மா கேட்டார். தன்னார்வலர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

அவரிடம் பதில் இல்லை என்பதுதான் உண்மை. இரண்டு சந்து முடிந்தால் சாக்கடை. அதைத் தாண்டினால் லாரி போகிற ரோடு, ஓரத்தில் கால் வைக்க இடம் கிடையாது. மறுபக்கம் ஊர்த்தெரு. அங்கே காலையும் மாலையும் கையை வீசிக்கொண்டு நடந்துபோக நம் பெண்களுக்கு இன்னும் மனசு வருவதில்லை. ஏன் என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உடல் பருமன் பணக்காரர் நோய் என்ற நினைப்பு நம்மிடம் இன்னும் இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. தமிழ்நாட்டில் 2015-16இல் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4 சதவீதம். ஆண்கள் 28.2இலிருந்து 37 சதவீதம். இத்தனை வேகத்தில் ஏறுவது பணக்காரர் எடை மட்டுமாக இருக்க முடியாது.

நம் தாத்தா பாட்டிகள் பண்ணையத்தில் குனிந்து நிமிர்ந்தே காலத்தை ஓட்டினார்கள். கம்பும் சோளமும் களியும் உணவு. இன்று பேரன் லாரி ஓட்டுகிறான், இரவெல்லாம் சீட்டில் உட்கார்ந்தபடி. பேத்தி மில்லில் நிற்கிறாள். வீட்டில் ரேஷன் அரிசியும் பாமாயிலும். பசியைப் போக்கிய ரேஷன் கடையை நாம் குறை சொல்ல மாட்டோம். உழைப்பின் தன்மை மாறியது, தட்டும் மாறியது, நடக்கிற இடம் மட்டும் வந்து சேரவில்லை என்பதே நம் பேச்சு.

சங்ககிரி லாரிகளின் ஊர். சேலம்-கோவை தேசிய நெடுஞ்சாலை, பாடி கட்டும் பட்டறைகள், சிமெண்ட் ஆலை என்று வண்டிகளை வைத்தே ஊர் வளர்ந்தது. நம்மில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதும் அதுதான். ஆனால் வண்டி திரும்ப எத்தனை அடி வேண்டும் என்று கணக்குப் போட்டவர்கள், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை நடக்க எத்தனை அடி வேண்டும் என்று கேட்கவில்லை.

தெருவில் நடப்பது நமக்கு உடற்பயிற்சியாகத் தொடங்கிய விஷயமும் அல்ல. பொதுச்சாலை, பொதுத்தெரு, பொதுக்கிணறு எல்லாருக்கும் உரியவை என்று 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய செய்திதான். அதற்குப் பிறகும் ஊர்த்தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர்கள் நம் அப்பன்மார். மாணவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்: இன்று எல்லாரும் வாங்குகிற அரசின் விலையில்லா மிதிவண்டி, 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்றுதான் முதலில் வந்தது. சைக்கிள் வந்தது. அதை ஓட்டப் பயமில்லாத ரோடு வரவில்லை.

காலனிகள் உருவான விதத்தைப் பாருங்கள். வீட்டுமனைக்கு நிலம் எடுக்க 1978இல் தனிச் சட்டமே வந்தது. அதனால்தான் பலருக்குப் பட்டா கிடைத்தது, மறுக்கவில்லை. கிடைத்ததோ இரண்டு சென்ட், மூன்று சென்ட். மனையை அளந்து முடித்தபோது மைதானத்துக்கு என்று மிச்சம் இல்லை. அண்ணன் தம்பி பாகம் பிரிந்ததும் வாசலும் வீடாகிவிட்டது.

தனியார் மனைப்பிரிவுக்கு விதி வேறு மாதிரி பேசுகிறது. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித்தர வேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். எழுதித் தந்த பிறகு அது மனை வாங்கியவர்களின் சொத்து அல்ல, பொதுச் சொத்து. கேட்டைப் பூட்டி "வெளியாட்கள் வரக்கூடாது" என்று போர்டு மாட்ட யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் ஊரைச் சுற்றிப் புதிதாக முளைத்த நகர்களில் அந்த 10 சதவீதம் எங்கே இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பத்து ரூபாய்தான் செலவு.

2023 நவம்பரில் அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு 8 கிலோமீட்டர் நடைபாதை. நல்ல திட்டம். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்றால் நம் அம்மா நடப்பதற்காகப் பஸ் ஏற வேண்டும். (கட்டணமில்லாப் பஸ் என்பது ஆறுதல்.) கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974இலிருந்து ஞாயிறு காலையில் நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகளில் வண்டிகளை நிறுத்திவிட்டு ஜனங்களை நடக்க விடுகிறார்கள். நாம் அவ்வளவு கேட்கவில்லை. காலனிக்கு அரை கிலோமீட்டர் போதும்.

பணமில்லை என்று சொல்வார்கள். ஆதிதிராவிடர் குடியிருப்புகளை மேம்படுத்த அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் ஐந்தாண்டுக்கு 1,000 கோடி ரூபாய் திட்டத்தை 2023இல் அறிவித்தார்கள். 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமும் வந்துவிட்டது. தார் ரோடும் தெருவிளக்கும் கேட்கிற மனுவில் நடைபாதையையும் மைதானத்தையும் சேர்த்துக் கேட்பதில் தவறென்ன? ஏரிக்கரை, களம், மந்தை என்று புறம்போக்கு இன்னும் மிச்சம் இருக்கிற ஊர்கள், அது ஆக்கிரமிப்பில் போகும்முன் சர்வே எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்ட வரைவை வெளியிட்டால் ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் ரியல் எஸ்டேட்காரர்கள் மனு போடுகிறார்கள். காலனியிலிருந்து எத்தனை மனு போகிறது?

அன்று மாலையே அந்தக் காலனியில் உட்கார்ந்து மனு எழுதினோம். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் எழுதினாள். நடைபாதை, மைதானம், சாக்கடைக்கு மூடி என்று வரிசையாக வந்தது. எட்டிப் பார்த்த அந்த அம்மா, "லைட்டை மொதல்ல எழுது கண்ணு. வேலைக்குப் போய்ட்டு வந்து இருட்டுலதான நான் நடக்க முடியும்" என்றார். பிள்ளை மேலே ஒரு வரிக்கு இடம் விட்டு மறுபடி எழுதினாள்.