கேள்வி கேட்டால் விசுவாசம் குறையுமா?

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்த மகள், பைபிளை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அன்று அவளுக்குத் திடப்படுத்தல் வகுப்பின் மூன்றாவது வாரம்.

மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“பிரபஞ்சம் 1,380 கோடி வருஷத்துக்கு முன்னாடி பெருவெடிப்புல உண்டாச்சுன்னு படிக்கிறோம். ஆதியாகமத்துல ஆறு நாள்னு இருக்கு. ரெண்டையும் எப்படிப் புரிஞ்சுக்கறதுன்னு கேட்டேன்மா. ‘பரீட்சையில அதை எழுது, இங்க இதை நம்பு. ரொம்பக் கேள்வி கேட்டா விசுவாசம் குறைஞ்சிடும்’னு சொல்லிட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. இனிமே நான் போகலை.”

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது. ‘மத்த பிள்ளைங்க எல்லாம் அடக்கமா இல்லையா?’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். காரணம், அவள் வயதில் நானும் ஒரு கேள்வி கேட்டவள்தான்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி கோயில் பக்கம் வராதவர். ஆனால், எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சியோடு வந்து நிற்பார். ‘அவருக்கு மோட்சம் கிடையாதா?’ என்று ஞாயிறு பள்ளியில் கேட்டேன். பதிலுக்கு ஒரு முறைப்புதான் கிடைத்தது. அதன்பிறகு பத்து வருடங்கள் தவறாமல் கோயிலுக்குப் போனேன். மனசு மட்டும் கூட வரவில்லை.

வேதத்திலேயே இருக்கிற கேள்விகள்

அன்று இரவு பைபிளைப் புரட்டினேன். பன்னிரண்டு வயது இயேசுவைக் காணாமல் பெற்றோர் தவித்துத் தேடுகிறார்கள். மூன்று நாள் கழித்து அவரை எருசலேம் தேவாலயத்தில் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே போதகர்கள் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும், அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கிறார்!

தோமா, ‘காயத்தைப் பார்த்தால்தான் நம்புவேன்’ என்றவர். அவரை யாரும் துரத்திவிடவில்லை. எட்டு நாள் கழித்து இயேசுவே வந்து காயத்தைக் காட்டினார். பவுல் சொன்னதைக்கூட ‘சரிதானா’ என்று தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்த பெரோயா ஊர்க்காரர்களை, அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டத்தான் செய்கிறது.

மகளுக்கு இன்னொரு செய்தியும் வைத்திருந்தேன். பெருவெடிப்புக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட ஜார்ஜ் லெமைத்ர், பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குருவானவர். பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-ல் எழுதினார். 1931-ல், எல்லாம் ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார். கடைசிவரை திருப்பலி நிறைவேற்றினார், கணக்கும் போட்டார். தன் கண்டுபிடிப்பை மதத்துக்கான சான்றாக யாரும் காட்டுவதையும் அவர் விரும்பவில்லை.

“ஒரு ஃபாதரா!” என்று அவள் கண்கள் விரிந்தன.

அவரவர் வழி

கேள்விக்கு அடுத்தபடி பிள்ளைகளை வாட்டுவது ஒப்பீடு. ‘அவ பாட்டு பாடுறா, இவன் ஜெபம் பண்றான், நீ ஏன் சும்மா இருக்க?’ என்போம். என் மகளுக்குப் பாட வராது. பூச்சிகளைத் தேடித்தேடிப் படம் எடுப்பாள். படைப்பை ரசிப்பதும் ஆராதனைதான் என்று எனக்குத் தோன்றவே இத்தனை வருடமாயிற்று.

வேலூர் ஐடா ஸ்கடரை நினைத்துப் பாருங்கள். 1870-ல் ராணிப்பேட்டையில், மிஷனரி மருத்துவர்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தவர். ‘அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம்’ என்பதில் உறுதியாக இருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்கு உதவி கேட்டார்கள். ஆண் மருத்துவரான அவர் அப்பாவை அனுமதிக்க மூவருமே சம்மதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படிக்காதவர். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பிறகுதான் அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1900-ல் திரும்பி வந்தார். 1918-ல் வேலூரில் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி தொடங்கினார். குடும்பம் போன பாதைதான். ஆனால், தானே முடிவெடுத்து நடந்தார்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பிள்ளை கேள்வி கேட்டால் ‘எனக்குத் தெரியலை, சேர்ந்து தேடலாம்’ என்று சொல்லுங்கள். அதில் நம் மரியாதை குறையாது. அடக்கிய கேள்வி மறைந்துபோவதில்லை. வீட்டில் கேட்க முடியாததைப் பிள்ளைகள் வேறெங்காவது கேட்பார்கள்.

இளையோரே, மடக்குவதற்காகக் கேட்காதீர்கள், தெரிந்துகொள்ளக் கேளுங்கள். ஒருவர் சிரித்தால் இன்னொருவரிடம் கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருக்கவும் பழகுங்கள்.

மறுவாரம் மகளோடு போதகரைப் போய்ப் பார்த்தேன். “இதுக்கு என்கிட்டயும் முழுப் பதில் இல்லைம்மா. புதன்கிழமை வா, சேர்ந்து படிப்போம்” என்றார். போனாள்.

திரும்பி வரும் வழியில் ஆச்சியைப் பற்றிய என் பழைய கேள்வியை அவளிடம் சொன்னேன்.

“அதுக்கு இப்போ பதில் கிடைச்சுதாம்மா?”

“இல்லை. இன்னமும் கடவுள்கிட்ட கேட்டுட்டுதான் இருக்கேன்.”

“அப்போ நானும் கேக்கலாம்” என்று சிரித்தாள்.