இறால் ஓடும் பருத்தித் துணியும்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் முன்னோர் வாக்கு. துவைக்காத துணி ஏன் நாறுகிறது? அதனைத் தடுக்க அறிவியல் கண்ட வழி யாது? மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோர்களுக்கும் இதனை ஈண்டு விளக்க விரும்புகிறோம்.

பருத்தி வியர்வையை நன்கு உறிஞ்சும். ஈரமும் உடற்சூடும் சேர்ந்த துணியில் பாக்டீரியா எனும் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். அவை வியர்வையிலும் தோலின் எண்ணெய்ப் பசையிலும் உள்ள பொருள்களைச் சிதைப்பதாலேயே நாற்றம் எழுகிறது. அவற்றுள் சில, தோலில் புண்ணையும் கொப்புளத்தையும் உண்டாக்க வல்லவை.

இவற்றை அடக்கும் பொருள், நாம் குப்பையில் எறியும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கிறது. அவ்வோடுகளில் கைட்டின் என்னும் பொருள் உண்டு. 1811-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பிராக்கொனோ இதனை முதன்முதலில் காளானில் கண்டறிந்தார். கைட்டினைக் கடுங்காரத்தில் இட்டுச் சூடாக்கினால் கைட்டோசான் கிடைக்கும். மணிகள் கோத்த மாலைபோல, சிறு மூலக்கூறுகள் தொடர்ந்து இணைந்த இத்தகைய பொருளைப் பலபடி என்பர். பருத்தியிலுள்ள செல்லுலோசும் ஒரு பலபடியே. அமைப்பில் இவையிரண்டும் உடன்பிறப்புகள் எனலாம்.

கைட்டோசான் நீரில் கரையாது. வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில் கரையும். அப்போது அது நேர்மின்னூட்டம் பெறுகிறது. பாக்டீரியாவின் மேலுறையோ எதிர்மின்னூட்டம் உடையது. எனவே இரண்டும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. மேலுறை சிதைந்து உள்ளிருப்பவை கசிய, நுண்ணுயிர் மடிகிறது.

ஆனால், துணியை இக்கரைசலில் வெறுமனே தோய்த்தால் போதுமா? போதாது. துவைக்கத் துவைக்கக் கைட்டோசான் கழன்று போகும். ஆகவே, எலுமிச்சைக்குப் புளிப்பைத் தரும் சிட்ரிக் அமிலத்தையும் கரைசலில் சேர்க்கின்றனர். தோய்த்த துணியைப் பிழிந்து உலர்த்தி, ஏறத்தாழ 160 முதல் 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சில நிமிடங்கள் வைப்பர். அவ்வேளையில் சிட்ரிக் அமிலம் ஒரு கையால் பருத்தியையும் மறு கையால் கைட்டோசானையும் பற்றிக்கொள்கிறது. இப்பிணைப்பு பல சலவைகளுக்கு ஈடு கொடுக்கும். எனினும், அமிலமும் வெப்பமும் மிகுந்தால் துணி மஞ்சளித்து வலுவிழக்கும். அளவறிந்து செய்வதே இதன் நுட்பம்.

இத்தகைய துணியும் துவைக்க வேண்டிய துணியே. அழுக்குப் படிந்து மூடிவிட்டால் கைட்டோசான் நுண்ணுயிரை நெருங்க இயலாது. ஆதலின் மாணவர்களே, பள்ளிச் சீருடையை நாள்தோறும் துவைத்து வெயிலில் நன்கு உலர்த்தி உடுத்துங்கள். எளியோர்க்கும் இயலும் காப்பு அதுவே.