சம்பளம் போகாமல் அறுபத்து மூவர் பார்ப்பது எப்படி? சேலையூர்வாசிகளுக்கு கைகொடுக்கும் பறக்கும் ரெயில்

பங்குனி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் களை கட்டிவிடும். கபாலீசுவரர் கோவிலில் கொடி ஏறியதும் மாட வீதிகளில் பந்தல், தோரணம், மோர்ப் பானை, பலூன் கடை என்று 10 நாள் அமர்க்களம்தான். லட்சக்கணக்கில் ஜனம் கூடும் அறுபத்து மூவர் விழாவைப் பார்க்க வெளியூரில் இருந்து எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள்.

ஆனால், அதே சென்னையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் குடியிருக்கும் பலருக்கு இந்த விழா டி.வி.யில் பார்ப்பதோடு சரி. காரணம் பக்தி குறைவு அல்ல. அறுபத்து மூவர் நாள் அரசு விடுமுறை கிடையாது. மெப்ஸ் கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவருக்கும், சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கும், தாம்பரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அப்படியே துணிந்து கிளம்பினாலும், "அவ்வளவு கூட்டத்துல புள்ளைங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறது, ராத்திரி எப்படித் திரும்புறது?" என்ற கவலை வேறு.

கொஞ்சம் யோசித்துக் கிளம்பினால் கூலியும் போகாது, பிள்ளையும் தொலையாது.

எந்த நாள் யாருக்கு?

பலரும் நினைப்பது போல பங்குனிப் பெருவிழா என்றால் 8-ம் நாள் அறுபத்து மூவர் மட்டும் அல்ல. 10 நாளும் விழாதான். வேலை நேரத்துக்குத் தகுந்த நாளைப் பார்த்துப் போக வேண்டியதுதான்.

காலை 9 மணிக்கு மேல் வேலை ஆரம்பிப்பவர்களுக்கு 3-ம் நாள் சரிப்படும். அன்று விடியற்காலையில் கபாலீசுவரர் அதிகார நந்தி வாகனத்தில் வருவார். மாட்டு முகமும் மனித உடலுமாக நிற்கும் வெள்ளி வாகனம். சூரியன் உதிக்கும் நேரம், வெயில் இல்லை, நெரிசலும் 8-ம் நாள் அளவுக்கு இராது. டூவீலர் இருந்தால் இருட்டோடு கிளம்பி, சாமியைப் பார்த்துவிட்டு டூட்டிக்கு வந்துவிடலாம்.

பகல் முழுக்க வேலை பார்ப்பவர்களுக்கு 5-ம் நாள் இரவு ரிஷப வாகனம். இது இரவு 9 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். நள்ளிரவைத் தாண்டியும் வீதி உலா நடக்கும். ஆனால் மறுநாள் வேலை இருப்பவர்கள் முழுசாகப் பார்க்க ஆசைப்படக் கூடாது. கோபுர வாசலில் தரிசனம் முடித்துக் கடைசி ரெயிலைப் பிடித்து விடுவதுதான் புத்திசாலித்தனம். 7-ம் நாள் காலையில் தேர். 10-ம் நாள் இரவு திருக்கல்யாணம். அம்பாள் மயில் உருவில் சிவனைப் பூஜித்ததால்தான் ஊருக்கே மயிலை என்று பேர் என்பார்கள். அந்தக் காட்சியையும் அன்று நடத்திக் காட்டுவார்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். மார்ச் நடுவில் இருந்து ஏப்ரல் நடுவுக்குள் வரும். விழா 10 நாள் என்பதால் எப்படிப் பார்த்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் மாட்டிக்கொள்ளும். தினசரி காலண்டரில் பங்குனி உத்திரம் எந்தக் கிழமை என்று பாருங்கள். அதை ஒட்டியேதான் அறுபத்து மூவர் வரும்.

அந்த 63 பேர் யார்?

8-ம் நாள் பிற்பகல் சுமார் 3 மணிக்கு உலா புறப்படும். கபாலீசுவரர், கற்பகாம்பாள், சிங்காரவேலர் எல்லோரும் வருவார்கள். கூடவே சின்னச் சின்னப் பல்லக்குகளில் 63 நாயன்மார்கள். சாமியைப் பார்க்க ஜனம் போவது எல்லாக் கோவிலிலும் நடப்பது. இங்கே சாமியோடு சேர்த்து அடியார்களையும் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அந்த அடியார்கள் யார் என்று கேட்டால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். அரசர்களும், அமைச்சரும், அந்தணர்களும் உண்டு. ஆனால் மண்பாண்டம் செய்தவரும் உண்டு. ஊர் துணியை வெளுத்தவர், தறி நெய்தவர், மாடு மேய்த்தவர், வலை வீசி மீன் பிடித்தவர், காட்டில் வேட்டையாடியவர் எல்லோரும் அந்தப் பல்லக்குகளில் வருகிறார்கள்.

சென்னைக்காரர்களும் இதில் இருக்கிறார்கள். வாயிலார் நாயனார் மயிலாப்பூர்க்காரர். திருவொற்றியூர் கலியநாயனார் எண்ணெய் வியாபாரி. கோவில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றியே சொத்தை இழந்தவர். கையில் காசு தீர்ந்த பிறகு அடுத்தவர் செக்கில் கூலிக்கு உழைத்து, அந்தக் கூலியில் விளக்கு ஏற்றினார். திருவேற்காடு மூர்க்க நாயனார் கதை இன்னும் விசேஷம். சூதாடி ஜெயித்த பணத்தில் அடியார்களுக்குச் சோறு போட்டவர் அவர். திருநின்றவூர் பூசலார் கையில் காசே இல்லாமல் மனசுக்குள்ளேயே ஒரு கோவில் கட்டியவர்.

இவர்கள் கதையை எல்லாம் பெரியபுராணமாகப் பாடிய சேக்கிழார் பிறந்ததும் பக்கத்துக் குன்றத்தூர்தான். பல்லாவரத்தில் இருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். கூட்டத்தில் நிற்கும்போது பிள்ளைகளுக்கு இந்த நாலு கதையைச் சொன்னால் போதும். "எப்பப்பா வீட்டுக்குப் போவோம்?" என்ற கேள்வியே வராது.

"பார்க்காமல் போகிறாயே!"

8-ம் நாள் காலையில் ஒரு முக்கியமான நிகழ்ச்சி நடக்கும். மாலைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தவற விட்டுவிடுகிறார்கள்.

மயிலாப்பூரில் சிவநேசர் என்ற வியாபாரிக்கு பூம்பாவை என்று ஒரே மகள். பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்து போனாள். அப்பன் மனசு கேட்கவில்லை. எலும்பையும் சாம்பலையும் குடத்தில் போட்டு வைத்துக் காத்திருந்தார். திருஞானசம்பந்தர் மயிலைக்கு வந்தபோது குடத்தைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். சம்பந்தர் பதிகம் பாட, பெண் உயிரோடு எழுந்தாள் என்பது வரலாறு. அந்தக் காட்சியைத்தான் ஆண்டுதோறும் அன்று காலை நடத்துகிறார்கள்.

சம்பந்தர் காலம் 7-ம் நூற்றாண்டு. அந்தப் பதிகத்தில் அவர் என்ன பாடினார் என்பதுதான் விஷயம். "எழுந்து வா" என்று அதட்டவில்லை. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலாப்பூர் திருவிழாக்களை மாசம் மாசமாக அடுக்குகிறார். பாட்டுக்குப் பாட்டு, இதைக்கூடப் பார்க்காமலா போய்விடுவாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்கிறார். செத்துப் போனவளுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், ஊர்த் திருவிழாவைப் பார்க்க முடியாததுதான் நஷ்டம் என்கிற மாதிரி!

அப்போது கோவில் கடலோரத்தில் இருந்தது. இடம் மாறி, ஆட்சிகள் மாறி, 1,300 ஆண்டு ஓடியும் அவர் சொன்ன தைப்பூசமும் பங்குனி உத்திரமும் நிற்கவில்லை. தைப்பூசத்தை ஒட்டி அங்கே 3 நாள் தெப்பமும் உண்டு. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போதுதான் பங்குனியில் மாட வீதி வெறிச்சோடியது. வீட்டுக்குள் இருந்த மயிலாப்பூர்வாசிகள் அன்று பட்ட பாடு, வருஷா வருஷம் லீவு கிடைக்காத சேலையூர்வாசிகளுக்குப் புதுசு அல்ல.

எப்படிப் போவது?

தாம்பரம் போய் மின்சார ரெயில் பிடித்து, கிண்டியிலோ மாம்பலத்திலோ இறங்கி பஸ் மாறுவது பழைய வழி. அறுபத்து மூவர் அன்று இது சரிப்படாது. மயிலாப்பூரைச் சுற்றிப் போக்குவரத்தை மாற்றி விடுவார்கள். பஸ் குளத்துப் பக்கமே வராது.

சேலையூர்க்காரர்களுக்குச் சுலபமான வழி கிழக்கே இருக்கிறது. கேம்ப் ரோட்டில் வேளச்சேரி பஸ் ஏறி, மேடவாக்கம், பள்ளிக்கரணை வழியாக வேளச்சேரி. அங்கே பறக்கும் ரெயில். 2007-ல் அது வேளச்சேரி வரை நீட்டிக்கப்பட்டதில் இருந்து மயிலாப்பூர் இந்தப் பக்கத்துக்கு நிஜமாகவே கிட்டே வந்துவிட்டது. டிக்கெட் ரூ.5-ல் தொடங்குகிறது. 2021 மே மாதம் இலவசப் பயணத் திட்டம் வந்தபிறகு, சாதாரணக் கட்டண பஸ்சில் பெண்களுக்கு அந்தச் செலவும் இல்லை.

திருமயிலை ஸ்டேஷனில் இறங்கினால் குளம் கூப்பிடு தூரம். ஆனால் அன்று படிக்கட்டிலேயே நெரிசல் இருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் அதற்கு முந்திய மந்தைவெளியில் இறங்கி, ஆர்.கே. மடம் சாலை வழியாகப் பொடிநடையாகப் போவது நல்லது. போகும்போதே ரிட்டன் டிக்கெட் எடுத்துவிட்டால் இரவு கவுண்டர் கியூவில் நிற்க வேண்டாம். கடைசி ரெயில் எத்தனை மணிக்கு என்று ஸ்டேஷன் அட்டவணையில் பார்த்து வைத்துக்கொள்வது ரொம்ப முக்கியம்.

உலா முடிய ராத்திரி ஆகிவிடும். சாயங்காலம் 5.30-க்கு வேலை முடிந்து கிளம்பினாலும் மாட வீதியில் எங்காவது ஒரு மூலையில் பல்லக்குகளைப் பிடித்து விடலாம். ஆக, அரை நாள் கூலி கூடப் போகாது.

சுடும் தார் ரோடு

மதியமே போகிறவர்களுக்குப் பங்குனி வெயில்தான் எதிரி. தெற்கு வடக்காகப் போகும் வீதிகளில் மேற்குப் பக்கச் சுவர் ஓரமாக நின்றால் 3 மணிக்கு மேல் நிழல் கிடைக்கும். செருப்பைக் கழற்றி விட்டுத் தார் ரோட்டில் குழந்தையை நடக்க விடாதீர்கள். கால் பொத்துவிடும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை அன்னதானம். புளியோதரை, தயிர்சாதம், கேசரி, சுண்டல், பானகம், நீர்மோர். கையில் ஒரு தூக்குவாளியும் தண்ணீர் பாட்டிலும் இருந்தால் போதும். கொடுக்கிறார்களே என்று எல்லாவற்றையும் வாங்கிப் பாதியில் போட்டுவிட்டு வருவதுதான் பார்க்கச் சகிக்காது. மறுநாள் காலை அதைக் கூட்டி அள்ளுகிற துப்புரவுப் பணியாளருக்கு அன்று திருவிழா இல்லை.

நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு கவரிங் போட்டுக்கொண்டு போவது நல்லது. தாலிச் செயினை ஜாக்கெட்டுக்குள் விட்டு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் காணும் பொங்கல் அன்று மெரினாவில் போலீசார் செய்வதைக் கவனித்திருப்பீர்கள். பெற்றோர் செல்போன் நம்பரை எழுதிக் குழந்தையின் கையில் பட்டை கட்டி விடுவார்கள். அதை வீட்டிலேயே செய்யலாம். பால்பாயிண்ட் பேனாவால் மணிக்கட்டில் நம்பரை எழுதினாலே போதும். "தொலைஞ்சா ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டர்ல வந்து நில்லு" என்று பெரிய பிள்ளைகளுக்கு முன்பே ஒரு இடத்தைக் காட்டி வையுங்கள். கூட்டத்தில் செல்போன் சிக்னல் கிடைப்பது சந்தேகம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

வருஷம் முழுக்க அதே ரெயில்

வழி பழகிவிட்டால் இந்த ஒரு ரெயில் பாதையிலேயே வருஷத் திருவிழாக்களில் பாதியைப் பார்த்துவிடலாம். திருவான்மியூர் மருந்தீசுவரர் கோவிலிலும் பங்குனியில்தான் விழா. அங்கே கூட்டமும் குறைவு. ஆகஸ்டு 29-ல் பெசன்ட்நகர் வேளாங்கண்ணி மாதா கோவிலில் கொடி ஏறி, செப்டம்பர் 8 வரை நடக்கும். காவி உடுத்தி நடந்தே வருகிறவர்களோடு எல்லா மதத்தினரையும் அங்கே பார்க்கலாம். இந்திரா நகரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். வைகுண்ட ஏகாதசிக்குத் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில். காணும் பொங்கலுக்குக் கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் மெரினா. கடலில் மட்டும் அன்று கால் வைக்க விடமாட்டார்கள்.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. ரெயிலைப் பிடித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். வேளச்சேரியில் இறங்கிய பிறகு சேலையூர் பஸ் இருக்க வேண்டுமே! நேரமாகிவிட்டால் ஆட்டோக்காரர் கேட்பதுதான் ரேட். நாலு குடும்பம் சேர்ந்து போனால் அந்தச் செலவும் நாலாகப் பிரிந்துவிடும்.