வாவியைச் சுற்றி ஆறரை முறை

நாற்பத்தாறாவது வயதில் ஓடப் புறப்பட்டவனைக் கண்டு ஊரார் நகைப்பது இயல்பே. நாமும் ஒரு காலத்தில் நகைத்தவர்தாம். விடியற்காலையிலே கண்டி வாவிக்கரையில் வியர்க்க வியர்க்க ஓடுகின்றவர்களைப் பேருந்தின் யன்னலூடாகப் பார்த்து, 'எதற்கு இந்த வீண் பிரயாசை?' என்று எண்ணியதுண்டு. அதற்குரிய விடை வைத்தியரின் அறையிலே கிடைத்தது. நமது இரத்த அழுத்தத்தை அளந்தவர், ஐயுற்று, மறுமுறையும் அளந்தார். பின்பு தந்தையாரைப் பற்றி விசாரித்தார். ஐம்பத்திரண்டாம் வயதிலே பாரிசவாதத்தால் விழுந்து, பேச்சிழந்து, நான்கு ஆண்டுகள் கட்டிலிற் கிடந்தவர் அவர். இதைச் சொன்ன பின்பு இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. மருந்தோடு தேகாப்பியாசமும் வேண்டும் என்பது வைத்தியரின் முடிவு.

நடந்தாற் போதும் என்றுதான் அவர் சொன்னார். ஆனால் ஆசிரியத் தொழில் செய்பவர்களுக்கு ஒரு குணம் உண்டு; பரீட்சை என்று ஒன்று முன்னே நில்லாவிடின் பாடத்தில் மனம் செல்லாது. ஆகவே, எட்டு மாதங் கழித்துக் கொழும்பில் நிகழவிருந்த அரை மரதன் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டோம்.

அரை மரதன் என்பது 21.0975 கிலோமீட்டர், அதாவது 13 மைலுக்குச் சற்று மேல். இந்த விசித்திரமான அளவு எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கில் அரச குடும்பத்தினர் வீற்றிருந்த இடத்தின் முன்பு வரை ஓடினார்கள். அந்தத் தூரமே 1921-இல் முழு மரதனுக்குரிய அளவாக நிலைபெற்றது. நாம் அதிற் பாதிக்கே துணிந்தோம். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த வாவியை ஒருமுறை சுற்றிவரச் சுமார் இரண்டு மைல் ஆகும். ஆறரை முறை சுற்றினால் நம் பரீட்சை முடிந்தது எனக் கணக்கிட்டோம். கணக்கு எளிதாகத்தான் இருந்தது.

ஓட்டத்துக்கும் கண்டிக்கும் பழைய உறவுண்டு. 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்று, சுதந்திரம் கண்ட அதே ஆண்டில் இலங்கைக்கு முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தை ஈட்டித் தந்த டங்கன் வைற், இங்குள்ள திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். அவருக்கு 51.8 வினாடி போதுமாயிருந்தது. நமக்கோ முதல் நாளிலே தலதா மாளிகையின் எதிரிலிருந்து புறப்பட்டு, வாவியின் காற்பங்கைக் கடக்குமுன் மூச்சு முட்டியது. கைத்தடியோடு நடந்துவந்த சிங்களப் பெரியவர் ஒருவர் நம்மைக் கடந்து செல்கையில், "ஹெமின், மாத்தயா, ஹெமின்" என்றார். மெல்ல, ஐயா, மெல்ல என்பது பொருள். நமக்கு ரோசம் வந்ததேயன்றிப் புத்தி வரவில்லை.

ஆறாவது வாரத்தில் ஒரு சுற்றை நில்லாமல் ஓடினோம். மூச்சுத் திணறலும் குறைந்தது. அந்த மகிழ்ச்சியில் மறுவாரமே தூரத்தை இரட்டித்தோம். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்கியது. படியிறங்கவும் இயலவில்லை. வகுப்பிலே நாற்காலியை விட்டெழாமற் பாடம் நடத்தியதை மாணவர் கண்டுகொண்டனர்.

ஏன் இப்படி நேர்ந்தது? இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதிய வேலைக்குப் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு விரைவில் இணங்குவன அல்ல. புதிய பாரம் விழும்போது உடல் பழைய எலும்பைச் சிறிது கரைத்த பின்னரே புதியதைக் கட்டுகிறது. பழைய சுவரைப் பெயர்த்து, புதுச் சுவர் எழும்புமுன் கூரையை ஏற்றினால் என்னவாகும்? மூச்சு 'ஓடு' என்று சொல்லும் அதே வாரங்களிலேதான் எலும்பு வலுக்குறைந்து நிற்கிறது. புதிதாய் ஓடுவோர் பலர் இந்த இடத்திலேதான் இடறுகிறார்கள்.

மூன்று வாரம் ஓய்ந்திருந்தபோது நியூசிலாந்துப் பயிற்றாசிரியர் ஆர்தர் லிடியார்டைப் பற்றி வாசித்தோம். ஒலிம்பிக் வீரர்களைப் பயிற்றிய அவர், இதயநோய் கண்ட நடுவயதினரையும் மெல்லோட்டத்துக்குப் பழக்கியவர். ஓடும்போது கூட வருபவரோடு பேச முடியவேண்டும். பேச்சுத் தடைப்பட்டால் வேகம் மிகுதி. 1962-இல் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்றாசிரியர் பில் பவர்மன், எழுபதைக் கடந்த கிழவர் ஒருவருக்கு ஈடுகொடுக்க இயலாமற் பின்தங்கினாராம். நமக்கு வாவிக்கரைப் பெரியவரின் நினைவு வந்தது.

மறுபடியும் தொடங்கியபோது இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. வாரத்தில் மூன்று நாள் மட்டும். ஞாயிறன்று சற்று நீண்ட ஓட்டம். பேராதனை வரை சென்று மீண்டால் எட்டு மைல். வாகனப் புகை எழுமுன் வீடு திரும்பவேண்டுமாதலால் நான்கரை மணிக்கே எழுவோம். மனைவியார் முதலிற் கோபித்தார். பின்பு தேநீர் வைத்துத் தந்தார். போட்டிக்கு மூன்று வாரத்தின் முன் பதினொரு மைல் ஓடினோம். அதற்குமேல் ஓடவில்லை, கடைசி நாட்களிற் குறைப்பதே முறை.

கொழும்பிலே கதிரவன் எழுமுன் ஓட்டம் தொடங்கியது. கண்டியின் 1,600 அடி உயரத்துக் குளிரிலே பழகிய உடல், கடற்கரைப் புழுக்கத்தில் ஒன்பதாம் மைலிலேயே வாடியது. தண்ணீர் கிடைத்த இடந்தோறும் ஒரு நிமிடம் நடந்தோம். பள்ளிச் சிறுவர் முதல் பாட்டிமார் வரை பலரும் நம்மை முந்திச் சென்றனர். 2 மணி 47 நிமிடத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டினோம்.

அடுத்த மாதம் வைத்தியர் மீண்டும் அழுத்தத்தை அளந்தார். இம்முறை ஒரு தடவை போதுமாயிருந்தது. மாத்திரையை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்திருக்கிறார்.

இப்பொழுது ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், "சேர், நானும் வரலாமா?" என்று கேட்டு ஞாயிறுதோறும் வாவிக்கரைக்கு வருகிறான். முதல் மாதம் ஒரு சுற்றுக்கு மேல் ஓடலாகாது என்று கட்டளையிட்டிருக்கிறோம். அதைக் கேட்டு அவன் முகத்தைச் சுளித்தான்.